மகாராஜாவின் புண்ணியம் எத்தனை கூழாங்கல்?

முன்னொரு காலத்தில் கீர்த்திகேது என்று ஒரு மகாராஜா இருந்தார். நல்லவர்தான். ஆனால் அவரை நல்லவர் என்று தினமும் நாலு பேர் சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

அவருடைய தலைநகரத்தில் மேற்கு மதிலை ஒட்டி ஒரு தாழ்வான இடம் உண்டு. நகரத்துக்கு வரும் உப்பு, விறகு, வெல்லம் எல்லாவற்றையும் தலையில் சுமந்து கடை கடையாகச் சேர்க்கிற ஜனங்கள் அங்கே குடியிருந்தார்கள். ஊரில் பெய்கிற மழையெல்லாம் கடைசியில் அவர்கள் குடிசைக்குள்தான் வந்து நிற்கும். அதனால் அதற்குச் சுமையர் பள்ளம் என்று பெயர். பள்ளத்து ஏழைகளுக்கு நாளொன்றுக்கு நான்கு மூட்டை அரிசியில் கஞ்சி காய்ச்சி ஊற்ற வேண்டும் என்று மகாராஜா உத்தரவு போட்டுப் பத்து வருஷம் ஆகிவிட்டது. அதைப் பார்த்துக்கொள்ளத் தர்மாதிகாரி பூதலிங்கரை நியமித்திருந்தார். மகாராஜா மட்டும் ஒருநாளும் அந்தப் பக்கம் போனதில்லை. சாக்கடை நாற்றம் ஆகாது என்று அரண்மனை வைத்தியர் சொல்லியிருந்தார்.

ஒருநாள் சாப்பாடு முடிந்து, வெற்றிலையும் மென்றான பிறகு, சபையில் மகாராஜா கேட்டார்.

"பூதலிங்கரே, பத்து வருஷமாக அன்னதானம் செய்கிறோம். எமக்கு எவ்வளவு புண்ணியம் சேர்ந்திருக்கும்?"

"மலையளவு சேர்ந்திருக்கும், மகாராஜா!"

"எந்த மலை? ஊருக்குத் தெற்கே இருக்கிற கரட்டையும் மலை என்கிறார்கள், இமயத்தையும் மலை என்கிறார்கள். நமக்குச் சரியான அளவு தெரிய வேண்டும். புண்ணியத்தை யாராவது தராசில் நிறுத்துக் காட்டுங்கள்."

பூதலிங்கரின் கண் மெல்ல நகர்ந்து, தூண் ஓரத்தில் நின்ற விகடன் சடையாண்டியின் மேல் விழுந்தது. போன மாதம்தான் சடையாண்டி சபை நடுவில், "தர்மாதிகாரி நடந்து வந்தால் முதலில் தொந்தி வருகிறது, அரை நாழிகை கழித்து அவர் வருகிறார்" என்று சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்திருந்தான். அந்தச் சிரிப்பு பூதலிங்கரின் காதில் இன்னும் குடைந்துகொண்டிருந்தது.

"மகாராஜா, தன்னால் முடியாதது உலகத்தில் இல்லை என்று சடையாண்டி சொல்லித் திரிகிறார். இந்தப் பணியை அவரிடம் ஒப்படைக்கலாம். ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள் கெடு. முடியாவிட்டால் கழுதைமேல் பின்பக்கம் பார்த்து உட்காரவைத்து எல்லைக்கு வெளியே விட்டுவிடலாம். இவ்வளவு காலம் இந்த அரண்மனைச் சோற்றைச் சும்மா தின்றவருக்கு அது கூடக் குறைவுதான்."

மகாராஜாவுக்கு யோசனை பிடித்துப்போயிற்று. "என்ன சடையாண்டி?"

சடையாண்டி முகத்தில் சிரிப்பைக் குறைக்காமல் கும்பிட்டான். "ஆகட்டும், பிரபு. எனக்கு மூன்று வேண்டும். அரண்மனைத் துலாபாரத் தராசு ஒன்று. நெல் எங்கே விளைகிறதோ அங்கேதான் களம் போடுவார்கள். ஆகையால் புண்ணியம் விளைகிற சுமையர் பள்ளத்திலேயே தராசை நாட்ட அனுமதி வேண்டும். நான் சொல்லி அனுப்பும் நாளில் தாங்கள் நேரில் வர வேண்டும். புண்ணியம் தங்களுடையது, சொந்தக்காரர் இல்லாமல் நிறுத்தால் பிறகு பேச்சு வரும்."

"வருகிறோம்" என்று வாக்குக் கொடுத்தார் மகாராஜா.

அன்றைக்கு ராத்திரி சடையாண்டி கண்ணை மூடவில்லை. விடியும்போது ஒரு வழி தென்பட்டது. தானம் போய்ச் சேர்வது வயிற்றில். வயிற்றில் சேர்ந்தது உடம்பில் ஒட்டும். உடம்பை நிறுக்கலாம்! இன்று பள்ளத்துப் பிள்ளைகளை நிறுத்துவைத்து, மண்டலம் கழித்து மறுபடி நிறுத்தால், கூடின எடை எதுவோ அதுதான் மகாராஜாவின் புண்ணியம். அப்பாடா என்று எழுந்து பல் விளக்கப் போனான்.

பள்ளத்தின் நடுவில், நாலு பேரும் கடந்துபோகிற இடத்தில், தராசு நின்றது. முதலில் உட்கார்ந்து தொடங்கிவைக்கும்படி பூதலிங்கரையே அழைத்திருந்தான் சடையாண்டி. "தர்மமே உருவெடுத்தவர் தாங்கள்தானே?" என்றதும் அவர் குளிர்ந்துபோய்த் தட்டில் அமர்ந்தார். எதிர்த் தட்டில் ஆற்றுக் கூழாங்கற்களைக் கொட்டினார்கள். முள் நடுவில் நின்றதும் அந்தக் கற்களை ஒரு சாக்கில் கட்டினார்கள். பூதலிங்கர் பெருமையோடு அரக்கை உருக்கித் தம் மோதிர முத்திரையையே அதன்மேல் வைத்தார்.

அப்புறம் பிள்ளைகள். ஐந்து வயதுக்கு உட்பட்டவை முப்பத்தொன்று இருந்தன. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துணிப்பை. கல்லைப் போட்டு அம்மாவே தன் கையால் முடிச்சுப் போட வேண்டும். பைகளை எல்லார் கண்ணிலும் படும்படி ஒரு மூங்கிலில் வரிசையாகத் தொங்கவிட்டார்கள்.

வெள்ளாத்தாள் என்கிற வெல்ல மண்டிச் சுமைக்காரி தன் மகள் குயிலியைத் தூக்கி வந்தாள். மூன்று வயதாகியும் குயிலி இன்னும் நடக்கவில்லை. அவள் பையில் போட்ட கற்களைச் சடையாண்டி ஒரே கையில் தூக்கினான். ஒரு பூசணிக்காய் கூட இதைவிடக் கனக்குமே என்று அவனுக்குத் தோன்றியது.

"தினமும் கஞ்சி குடிக்கிறாளா தாயி?"

"குடிக்கிறா சாமி" என்றாள் வெள்ளாத்தாள். சட்டென்று மகளைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

அந்தப் பதிலின் அர்த்தம் சடையாண்டிக்கு ஒன்பதாம் நாள்தான் புரிந்தது. ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்து, பிள்ளைகளை மறுபடி தராசில் ஏற்றினான். ஒரு பிள்ளை கூட அரைக் கல் ஏறவில்லை. இரண்டு பிள்ளைகள் இளைத்திருந்தன. திகைத்துப்போய்க் கஞ்சித் தொட்டிக்கு ஓடினான். எட்டிப் பார்த்தான். தொட்டிக்குள்ளிருந்து அவன் முகமே மீசை முதற்கொண்டு தெளிவாகத் தெரிந்தது.

"இது எப்போதும் இப்படித்தானா?"

"எப்பவும் தண்ணிதான் சாமி. நீ தராசு கொண்டாந்த நாள்லேர்ந்து அதுல இருந்த நாலு பருக்கையும் காணோம்" என்றாள் வெள்ளாத்தாள்.

தன்னைத் தோற்கடிப்பதற்காகவே பூதலிங்கர் கஞ்சியை இன்னும் நீர்க்க விட்டிருக்கிறார் என்பது சடையாண்டிக்கு விளங்கிவிட்டது. கழுதை கண்முன்னே வந்து நின்றது. கூடவே இன்னொரு யோசனையும் வந்தது. தெரிந்த வணிகரிடம் கடனாக அரிசி வாங்கி, இந்தப் பிள்ளைகளுக்குத் தானே வயிறாரப் போட்டால்? மண்டலத்தின் முடிவில் தட்டு தாழும். மகாராஜா மகிழ்வார். தலை தப்பும். அதை வெள்ளாத்தாளிடம் வாய்விட்டே சொன்னான்.

அவள் குயிலியை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள்.

"போடு சாமி, வேணாங்கல. பசிக்குப் போடுறதை வேணாம்னு சொல்ற நெலமையிலயா இருக்கோம்? ஆனா ஒரு மண்டலம் கழிச்சு நீ தராசைத் தூக்கிக்கிட்டுப் போயிருவ. ராசாவும் எம்புட்டுப் புண்ணியம் பாருன்னு சந்தோசமாப் போயிருவாரு. அப்பறம் எங்களுக்கு ஆயுசுக்கும் இந்தத் தண்ணிதான். நல்லாத்தானே இருக்குதுன்னு நிறுத்தே காட்டிட்டீங்களேம்பாங்க."

சடையாண்டிக்குச் சுருக்கென்று தைத்தது.

"கெடு முடியிற வரைக்கும் காத்திருக்கப் போறியா, அதுவரைக்கும் நம்ம புள்ளைங்க தாங்கும்னு நெனச்சியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அவள் சுமை தூக்கப் போய்விட்டாள்.

அன்றைக்கே சடையாண்டி அரண்மனைக்கு ஆள் அனுப்பினான். நாளைக் காலை மகாராஜா பள்ளத்துக்கு எழுந்தருள வேண்டும் என்று.

மறுநாள் மகாராஜா மூக்கைப் பட்டுத் துணியால் பொத்திக்கொண்டு பல்லக்கிலிருந்து இறங்கினார். பின்னாலேயே பூதலிங்கர். அவருக்குப் பின்னால், எதற்கும் இருக்கட்டும் என்று, ஒரு கழுதை.

"கெடு இன்னும் முப்பத்தெட்டு நாள் இருக்கிறதே?" என்றார் மகாராஜா.

"விளைச்சல் எப்படி என்று பத்து நாளிலேயே தெரிந்துவிட்டது, பிரபு. தாங்கள் கொடுத்த அரிசி இந்தப் பிள்ளைகளின் உடம்பில் எவ்வளவு ஏறியிருக்கிறதோ, அதுவே தங்கள் புண்ணியம். அந்தப் பைகள் அன்றைய எடை. இந்தப் பிள்ளைகள் இன்றைய எடை. தாங்களே பாருங்கள்."

மகாராஜா ஆவலோடு முன்னால் வந்தார். குயிலி ஒரு தட்டில், அவள் பை மறு தட்டில். முள் நடுவில் நின்றது. அடுத்த பிள்ளை. முள் நடுவில் நின்றது. மூன்றாவது பிள்ளைக்குக் கல்லின் பக்கமே தாழ்ந்தது. முப்பத்தொன்றும் ஏறி இறங்கி முடிந்தன. மகாராஜாவின் மூக்கிலிருந்து பட்டுத் துணி எப்போது நழுவியதென்று அவருக்கே தெரியவில்லை.

"நமது புண்ணியம் எங்கே?"

"இந்த விகடருக்கு நிறுக்கத் தெரியவில்லை, மகாராஜா!" என்று கூவினார் பூதலிங்கர். "கழுதையை முன்னால் கொண்டு வாருங்கள்!"

"கழுதை எங்கேயும் போகாது. ஒரே ஒரு பாக்கி இருக்கிறது" என்றான் சடையாண்டி. "தர்மாதிகாரி அன்று தொடங்கிவைத்தார். இன்று அவரே உட்கார்ந்து முடித்தும் வைக்க வேண்டும். இதோ அவருடைய சாக்கு. அரக்கு முத்திரை அவருடையதுதானே?"

முத்திரை அவருடையதுதான். மகாராஜா கண்ணைக் காட்ட, பூதலிங்கர் தட்டில் ஏறினார். ஏறியதுதான் தாமதம், தட்டு தடால் என்று தரையில் போய் உட்கார்ந்தது. எதிர்த் தட்டில் இருந்த சாக்கு அந்தரத்தில் ஆடியது. சடையாண்டி ஒரு கை கூழாங்கல் போட்டான். அசையவில்லை. இரண்டாவது கை, மூன்றாவது, ஏழாவது கைக்குத்தான் முள் நிமிர்ந்தது.

"மகாராஜா, கிடைத்துவிட்டது! தங்கள் புண்ணியம் ஏழு கை கூழாங்கல். பள்ளத்தில் இறங்க வேண்டியது, வழியில் ஒரு மேட்டில் தங்கிவிட்டது."

பள்ளத்து ஜனங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மகாராஜா சிரிக்கவில்லை. முகம் சிவந்து வாளில் கை வைத்தார். சடையாண்டி அவசரமாகக் குறுக்கே வந்தான்.

"பொறுங்கள், பிரபு. தொந்தி ஒரு சாட்சி ஆகாது. என் வீட்டுக்காரி செங்கமலம் சமைத்தால் எனக்கும் ஏறும். அரண்மனை மூட்டைகளுக்குச் சிவப்பு நூல் தையலும் ராஜமுத்திரையும் உண்டு. தர்மாதிகாரியின் களஞ்சியத்தைப் பார்த்துவரச் சொல்லுங்கள். அங்கே இல்லையென்றால் நான் பேசாமல் கழுதைமேல் ஏறிக்கொள்கிறேன்."

காவலர்கள் குதிரையில் போனார்கள். அந்த ஒரு நாழிகை நேரம் சடையாண்டிக்கு ஒரு யுகமாக இருந்தது. அரிசியை ஏற்கெனவே விற்றுவிட்டிருந்தால்? கழுதை வேறு அவனையே பார்த்துக்கொண்டு நின்றது. கடைசியில் தெருமுனையில் வண்டிச் சத்தம் கேட்டது. சிவப்பு நூல் பிரியாத முப்பத்தாறு மூட்டைகள் வந்து இறங்கின. சடையாண்டி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். பத்து நாளாக நெஞ்சில் கிடந்த கல் அப்போதுதான் இறங்கியது.

மகாராஜா கஞ்சித் தொட்டியிடம் போய் அவரும் எட்டிப் பார்த்தார். அவர் கிரீடம் அதில் தெரிந்தது.

"பத்து வருஷம்" என்றார் மெதுவாக. "ஒருநாள் வந்து பார்த்திருக்கலாம்."

அன்றே ஏற்பாடு மாறியது. கோட்டைக் களஞ்சியத்திலிருந்து அரிசியைப் பள்ளத்துப் பெண்களே கூலி வாங்கிக்கொண்டு திறந்த கூடையில் கடைத்தெரு வழியாகச் சுமந்து வந்தார்கள். எத்தனை கூடை போகிறது என்று வெற்றிலைக் கடைக்காரன் கூட எண்ணிச் சொல்லுவான். தராசுக்குப் பக்கத்திலேயே அடுப்பு மூட்டிக் காய்ச்சினார்கள். மேற்பார்வை வெள்ளாத்தாளுக்கு. பூதலிங்கருக்குத் தண்டனை, தம் முத்திரைச் சாக்குக்குச் சமமாக இளைக்கிற வரை தினமும் அரிசிக் கூடை சுமப்பது. நாலு தப்படிக்கு ஒருதரம் இறக்கிவைத்து, "யாராவது தூக்கிவிடுங்களேன்" என்று அவர் கெஞ்ச, பெண்கள் சிரித்துக்கொண்டே தூக்கிவிட்டார்கள்.

ஒரு மண்டலம் கழிந்தது. மகாராஜா அழைக்காமலேயே வந்து நின்றார். மூக்கில் துணி இல்லை; சாக்கடைக்கு வாய்க்கால் வெட்டி ஆற்றில் கொண்டு சேர்த்திருந்தார்கள். குயிலியை ஒரு தட்டிலும் அவளுடைய பழைய பையை மறு தட்டிலும் வைத்தார்கள். குயிலியின் தட்டு மெல்லத் தாழ்ந்தது. மகாராஜாவே குனிந்து எதிர்த் தட்டில் கல்லைப் போட்டார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு...

"பதினொன்று!" என்று சின்னப் பிள்ளைபோலக் கத்தினார். "சடையாண்டி, நமது புண்ணியம் இந்தப் பெண்ணிடம் மட்டும் பதினோரு கல்!"

குயிலி தட்டிலிருந்து தானாகவே காலை ஊன்றி இறங்கினாள். இரண்டடி வைத்தாள். மூன்றாவது அடியில் மகாராஜாவின் பட்டு வேட்டியைப் பிடித்துக்கொண்டாள். வெள்ளாத்தாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வுளுந்துராதடி" என்று அதட்டினாள்.

மகாராஜாவுக்கு மனம் நிறைந்துவிட்டது. "சடையாண்டி, ஏறு தட்டில்! உன் எடைக்கு எடை பொன்!"

சடையாண்டி ஒரு காலைத் தூக்கித் தட்டில் வைக்கப் போனான். பிறகு சட்டென்று இறக்கிக்கொண்டான்.

"பிரபு, ஒரு விண்ணப்பம். காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை. வெறும் வயிற்றோடு ஏறினால் எனக்குத்தானே நஷ்டம்?"

சொல்லிக்கொண்டே ஒரு சட்டியை எடுத்துக்கொண்டு கஞ்சி வரிசையில் கடைசி ஆளாகப் போய் நின்றான். அவன் முறை வந்ததும் வெள்ளாத்தாள் அகப்பையை ஆழமாக விட்டுக் கெட்டியாக அள்ளினாள்.

"ஒண்ணு போதுமா சாமி?"

"மூணா ஊத்து தாயி. ஒவ்வொண்ணும் பொன்னு!"

மகாராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பல்லக்குக்காரர்கள் சிரித்தார்கள், பள்ளம் முழுக்கச் சிரித்தது, கூடையும் தலையுமாக நின்ற பூதலிங்கருக்கே சிரிப்பு வந்து கூடை ஆடிவிட்டது. சடையாண்டி மூன்று அகப்பைக் கஞ்சியையும் சாவகாசமாகக் குடித்து, ஏப்பம் விட்டு, மீசையைத் துடைத்துக்கொண்டு தட்டில் ஏறி உட்கார்ந்தான். எதிர்த் தட்டில் பொன்னைக் கொட்டினார்கள். அவன் பொன்னோடு வீட்டுக்குப் போனான். பள்ளத்துப் பிள்ளைகள் நிறைந்த வயிற்றோடு தூங்கப் போனார்கள். மகாராஜாவுக்கு அன்றிலிருந்து யாரும் நல்லவர் என்று சொல்லாமலேயே சோறு இறங்கியது.