செம்பி ஏறிய பாறை

மருதங்குளத்தில் கோடை வந்தால் தண்ணீர் மிகவும் குறைந்துவிடும். அப்போது எந்த விலங்கு எந்த நேரத்தில் வந்து குடிப்பது என்பதைக் குளத்தின் தலைவர்தான் சொல்ல வேண்டும். கரையில் இருந்த பெரிய பாறைதான் தலைவரின் இடம். அதுவரை அந்தப் பாறையில் ஆண் விலங்குகள் மட்டுமே நின்றிருந்தன. இந்த முறை ஒரு பெண்தான் தலைமை ஏற்க வேண்டும் என்று எல்லா விலங்குகளும் கூடி முடிவு செய்தன. செம்பி என்ற கடமானைத் தேர்ந்தெடுத்தன.

ஆனால் முதல் கூட்டத்தன்று பாறையில் ஏறி நின்றது செம்பியின் கணவன் கொம்பன். செம்பியோ பாறைக்குப் பின்னால் புல் மேய்ந்துகொண்டிருந்தது. யாராவது எதையாவது கேட்டால், "அவரைக் கேட்டுச் சொல்கிறேன்" என்றது. அதன் தாய் ஒருநாளும் கூட்டத்தில் வாய் திறந்ததில்லை. அதனால் இதுதான் முறை என்று செம்பியும் நினைத்திருந்தது.

காட்டுப்பன்றிகள் கொம்பனுக்கு நெருங்கிய நண்பர்கள். காலையில் முதலில் குளத்தில் இறங்கும் உரிமையை அவற்றுக்கே கொடுத்தது கொம்பன். அவை குடித்ததோடு நிற்கவில்லை. வெயில் ஏறும்வரை சேற்றில் புரண்டன. பிறகு குட்டிகளோடு வந்த தாய்மாருக்குக் கலங்கிய நீர்தான் மிஞ்சியது.

ஒருநாள் சருகுமான் ஒன்று செம்பியைத் தேடி வந்தது. சேற்று நீரைக் குடித்து அதன் குட்டி எழுந்திருக்க முடியாமல் கிடந்தது. வழக்கம்போலக் கணவனிடம் சொல்வதாகச் செம்பி சொன்னது.

"அவரை நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை, அக்கா. உங்களைத்தான் தேர்ந்தெடுத்தோம்" என்றது சருகுமான். உடனே குட்டியிடம் திரும்பிப் போய்விட்டது.

செம்பிக்கு அன்று புல் இறங்கவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு அது எல்லோருக்கும் முன்பே வந்து பாறையில் ஏறிக்கொண்டது. பின்னால் வந்த கொம்பன் திகைத்துப்போனது.

"இறங்கு. உனக்கு என்ன தெரியும்? நாலு பேர் சிரிப்பார்கள்."

செம்பி இறங்கவில்லை.

"தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். நீங்கள் மற்றவர்களோடு கீழே நில்லுங்கள்" என்றது.

பிறகு, இனி காலையில் தாய்மாரும் குட்டிகளும்தான் முதலில் குடிக்க வேண்டும், பன்றிகள் கடைசியில் வந்து புரளலாம் என்று அறிவித்தது. முயல்களுக்கு அந்தி நேரத்தை ஒதுக்கியது.

அங்கேதான் தவறு நேர்ந்தது. அந்தியில் புதரோரம் ஒரு நரி பதுங்கியிருந்தது. முயல்கள் உயிர் தப்பியதே பெரிது. ஒன்றுக்குக் காது கிழிந்துவிட்டது.

மறுநாள் பன்றிகளின் தலைவன் கூட்டத்தின் நடுவே வந்து நின்றது. பெண்ணிடம் பொறுப்பைக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும் என்றது. பல விலங்குகள் தலையாட்டின. கொம்பனும் தலையாட்டியது.

செம்பி பாறையிலிருந்து இறங்கி, காயம்பட்ட முயலிடம் போய் மன்னிப்புக் கேட்டது. பிறகு மறுபடியும் பாறையில் ஏறியது.

"நான் செய்தது தவறுதான். இனி முயல்களும் தாய்மாரோடு காலையிலேயே வரட்டும். ஆனால் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். போன கோடையில் தலைவராக இருந்த கரடி குளத்துக்கு வரத் தப்பான வழியைக் காட்டியதால் இரண்டு மான்களைச் சிறுத்தைக்குப் பறிகொடுத்தோம். ஆணிடம் பொறுப்பைக் கொடுத்ததால்தான் அப்படி ஆனது என்று அன்று யாராவது சொன்னீர்களா?"

கரடி தரையைப் பார்த்தது. காது கிழிந்த முயல்தான் முதலில் வாய் திறந்தது.

"அப்படியென்றால் நாளைக் காலையே வரலாமா, தலைவி?"

"வாருங்கள். நான் கரையில் காவல் நிற்கிறேன்" என்றது செம்பி.

மழை வரும்வரை செம்பிதான் முறை சொன்னது. தெளிந்த நீர் கிடைத்ததும் சருகுமானின் குட்டி மெல்ல மெல்லத் தேறியது. கொம்பன் சில நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை, குளத்துப் பக்கமும் வரவில்லை. பிறகு தாகம் தாங்காமல் அதுவும் வரிசையில் வந்து நின்றது.

பெண்ணைப் பதவியில் அமர்த்தினால் மட்டும் போதாது. அவளே முடிவெடுக்கவும், தவறினால் மற்றவர்களைப் போலத் திருத்திக்கொள்ளவும் இடம் கொடுக்க வேண்டும்.