ஆறு சிறகு

மணல்மேட்டு ஆசிரமத்தின் தலைவி எஸ்தாக்கியம்மாளுக்கு வயது நாற்பத்தொன்று. அவருடைய சீடர் வியாகுலத்துக்கு அறுபத்து மூன்று. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு, “இனி நான் படிக்கணும்” என்று வந்து சேர்ந்தவர். சம்மனசுகள் எனப்படும் வானதூதர்களின் ஒன்பது வரிசையும் அவருக்கு மனப்பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் மேலிருந்து கீழே ஒப்பிப்பார்.

மேட்டுக்குக் கீழே இருந்த கடற்கரை ஊரில் மிக்கேல் அதிதூதர் திருவிழா வந்தது. சப்பரத்துக்கு முன்னால் பிள்ளைகளை ஒன்பது வரிசைச் சம்மனசுகளாக நடக்கவிடலாம் என்று சொன்னவர் வியாகுலம்தான். கோயில் சுவரில் பட்டியலும் ஒட்டினார்.

ஒட்டிய அன்றே சண்டை வந்தது.

திருவிழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது அவர் மூச்சு வாங்க மேடு ஏறினார். எஸ்தாக்கியம்மாள் வெள்ளைத் துணியில் சிறகு தைத்துக்கொண்டிருந்தார்.

“அம்மா, எல்லாருக்கும் முதல் வரிசைதான் வேணுமாம். பக்திச்சுவாலகர். கடவுளுக்குப் பக்கத்துலயே நிக்கிறவங்கன்னு நான்தான் விளக்கிச் சொன்னேன். இப்ப கடைசி வரிசைக்கு, சாதாரணக் காவல் சம்மனசுக்கு, ஒரு பிள்ளைகூட இல்லை.”

“அப்புறம்?”

“எங்க பிள்ளைங்க பின்னால நடக்கணும்னா சப்பரமே எங்க தெருவுக்கு வரவேண்டாம்னு வடக்குத் தெருவுல சொல்லிட்டாங்க. தெற்குத் தெருவுலயும் அதே பேச்சு. யாரை முன்னால நிறுத்துறது?”

“முதல் வரிசைக்காரங்க எப்படி இருப்பாங்க ஐயா?”

வியாகுலம் நிமிர்ந்து உட்கார்ந்தார். “தீர்க்கதரிசி கண்டபடி, ஆறு சிறகு. ரெண்டு பறக்குறதுக்கு. ரெண்டு காலை மூடியிருக்கும். ரெண்டு முகத்தை மூடியிருக்கும்.”

“அப்படியே தச்சுத் தர்றேன்.”

மறுநாள் காலை முதல் வரிசைக்கான நான்கு உடுப்புகள் ஊருக்குப் போயின. முதல் உடுப்பை வடக்குத் தெரு ரெஜினாளின் மகனுக்குப் போட்டுப் பார்த்தார்கள். ரெஜினாள் சுற்றிச் சுற்றி வந்தாள்.

“என்ன வாத்தியாரய்யா, பிள்ளை முகமே தெரியலியே?”

“தெரியக் கூடாதும்மா. அதுதான் முதல் வரிசை.”

“போட்டோவுல எப்படித் தெரியும்? அவங்க அப்பாவுக்கு மஸ்கட்டுக்கு அனுப்பணுமே.”

அவள் மகனை உடுப்பிலிருந்து உருவி எடுத்தாள். மற்ற தாய்மார்களும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

மத்தியானத்துக்குள் கடைசி வரிசை நிறைந்துவிட்டது. வெறும் முகம், இரண்டே சிறகு, தலையில் பூ. இரண்டு தெருப் பிள்ளைகளும் இடம் போதாமல் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள். இரண்டாம் வரிசையில் நிற்கும், நாலு முகம் கொண்ட ஞானாதிக்கருக்கு வேறு பிள்ளைகள் ஓடிவந்தார்கள். நாலில் ஒன்றாக மாட்டு முகம் வைத்துக்கொள்ளலாம் என்றதும் பையன்கள் விடவில்லை. மூன்றாம் வரிசைப் பத்திராசனர் சக்கர வடிவம், உடம்பெல்லாம் கண் என்று கேட்டதும் மூன்று பேர் பழைய டயர்களில் கண் கண்ணாக வரைந்து உருட்டிப் பழகினார்கள். ஊர் முழுக்கச் சிரிப்பு.

முதல் வரிசை மட்டும் காலியாகவே இருந்தது.

திருவிழா அன்று சாயங்காலம் சப்பரம் கிளம்பும் நேரம். எஸ்தாக்கியம்மாள் கோயில் வாசலுக்கு வந்திருந்தார். வியாகுலம் உடுப்புகளைத் தூக்கிக்கொண்டு அவரிடம் ஓடினார்.

“போட ஆளே இல்லை அம்மா.”

“அடியில இருக்குறதை எடுத்துப் பாருங்க.”

பார்த்தார். அவரைப் போன்ற ஆறடி ஆளுக்குத் தைத்த நீளம்.

“நான் மைக்குல பேசணுமே. எந்த வரிசை எதுன்னு விளக்கணும். இருபது பக்கம் எழுதி வச்சிருக்கேன்.”

“மாட்டு முகத்தைப் பார்த்தா மாடுன்னு தெரியாதா?”

வியாகுலம் காகிதங்களை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, கையைத் தூக்கி உடுப்புக்குள் நுழைந்தார். சிறகுகள் முகத்தில் விழுந்தன. வெள்ளைத் துணியைத் தவிர எதுவும் தெரியவில்லை.

ஒரு சின்னக் கை அவர் விரலைப் பிடித்தது.

“நான் கூட்டிட்டுப் போறேன். குனியாதீங்க, சிறகு இடிக்குது.”

கடைசி வரிசைச் சம்மனசு. தெற்குத் தெரு மோனிக்கா. நாலு வயது.

பேண்டு வாத்தியம் முழங்கியது. அவள் குதித்தால் அவரும் குதிக்க வேண்டியிருந்தது. “இங்க பள்ளம்” என்றாள். தாண்டினார். “இங்க ஆடணும்” என்றாள். அறுபத்து மூன்று வருடத்தில் ஆடாத மனிதர் ஆடினார். வடக்குத் தெரு வழியாகவும் தெற்குத் தெரு வழியாகவும் சப்பரம் போனது. எது எந்தத் தெரு என்று அவருக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நடப்பது யார், குலவை போடுவது யார், எதுவும் தெரியவில்லை. எல்லாமே கேட்டது.

சப்பரம் நிலைக்கு வந்தபின் உடுப்பைக் கழற்றினார். முகமெல்லாம் வேர்வை. எஸ்தாக்கியம்மாள் செம்பில் தண்ணீர் நீட்டினார்.

“முதல் வரிசையில நடந்தேன் அம்மா. ஆனா சப்பரத்தைப் பார்க்கலை. விளக்கைப் பார்க்கலை. பக்கத்துல யார் நின்னாங்கன்னுகூடத் தெரியலை. இந்தத் திருவிழாவுல ஒண்ணுமே பார்க்காத ஆள் நான் ஒருத்தன்தான்.”

எஸ்தாக்கியம்மாள் அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

“பின்னே சிறகுக்குள்ள இருந்து தெரு முழுக்கக் கேக்குற மாதிரி எதுக்கய்யா அப்படிச் சிரிச்சுக்கிட்டே வந்தீங்க?”