பிளம் கிளையில் மூங்கில் குருவி

ஜப்பானில் ஒரு குளக்கரை. மூடுபனி கலையாத மூங்கில் தோப்பில் கோனே என்ற சிட்டுக்குருவி வாழ்ந்தது. பக்கத்தில் ஓர் ஓவியர் வீடு. அவர் மரப்பலகையில் படம் செதுக்கி, சாயம் தடவி, தாளில் அச்செடுத்துக் கொடியில் காயப்போடுவார்.

ஒருநாள் அந்தப் படங்களைப் பார்த்துக் கோனே சொக்கிப்போனது. மூங்கிலில் சிட்டு! பிளம் பூக்களில் கதிர்க்குருவி! தாமரையில் மீன்கொத்தி!

"யாருக்கு எந்தச் செடி என்று தீட்டியே வைத்துவிட்டார்!" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தது.

பறவைகளுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. தத்தம் செடியை வளைத்துப் பிடித்துக்கொண்டன. பட்டாணிக்குருவிக்கு மட்டும் படமே இல்லை. ஒரு மழைநாளில் அது மூங்கிலில் ஒதுங்க வந்தது.

"உனக்கு இங்கே என்ன வேலை?" என்றது கோனே.

"குளிருகிறது அக்கா!"

"மூங்கில் சிட்டுக்குத்தான். கிளம்பு!"

பட்டாணிக்குருவி நனைந்தபடி பறந்தது. கோனேவுக்கு மனசு சுருக்கென்றது. ஆனாலும் அதைக் கூப்பிடவில்லை.

அந்த ஆண்டு மூங்கில்கள் பூத்தன. பூத்த மூங்கில் பிழைக்காதே! குளிர்காலம் முடிவதற்குள் தோப்பு வைக்கோலாய்ச் சாய்ந்தது. கூடும் போயிற்று. கோனே பிளம் மரத்துக்குப் பறந்தது.

"கதிர்க்குருவி அண்ணே, ஒரு கிளை கொடேன்!"

"நீ மூங்கில் குருவி! போ, போ!"

சாரல் பிடித்தது. கோனே ஓவியர் வீட்டுக் கூரையடியில் ஒடுங்கியது. கதிர்க்குருவி விடாமல் விரட்டிக்கொண்டே வந்தது. அங்கே கொடியில் இரண்டு படங்கள் நனைந்து, ஒன்றின் மேல் ஒன்று ஒட்டிக் கிடந்தன. மெல்லிய தாள், ஈரத்தில் கண்ணாடியாய்த் தெளிந்தது. மூங்கில் சிட்டின் பின்னாலிருந்து பிளம் பூக்கள் மெல்ல மெல்ல மேலெழுந்தன. சிட்டு பிளம் கிளையில் உட்கார்ந்திருந்தது! கனவோ என்று கோனே இமைக்காமல் பார்த்தது.

கதிர்க்குருவியும் மலைத்துப்போனது. "என் பூவில் நீ எவ்வளவு அழகு! வா, தங்கிக்கொள்!"

"கொஞ்சம் பொறு அண்ணே!" கோனே மழைக்குள் பாய்ந்தது. நாணலில் நடுங்கிக்கொண்டிருந்த பட்டாணிக்குருவியைத் தேடிப் பிடித்தது.

"அன்று உன்னை விரட்டினேன். மன்னித்துவிடு. பிளம் மரத்துக்கு வா!"

"அங்கே எனக்கு இடம் உண்டா அக்கா?"

"எனக்கு உண்டென்றால் உனக்கும் உண்டு!"

கதிர்க்குருவி நகர்ந்து உட்கார்ந்தது. மூன்றும் சிறகு உரச ஒரே கிளையில் கண் மூடின. இதழ்கள் அவற்றின் மேல் ஓசையின்றி உதிர்ந்தன.

அழகைக் காட்ட வரைந்த கோடுகளை வேலியாக்கினால், வேலி போட்டவரே ஒருநாள் வெளியே நிற்க நேரும்.