முதலையோட பட்டினியில வாங்கின மான்

காட்டுக் குளத்துக்கு வடகரையில ஒரு பந்தாட்ட மைதானம். அதோட மூலையில, கூழாங்கல்லுக்கு நடுவுல நாலு முட்டை. முட்டைக்குக் காவலா நின்னுச்சு, அந்த மைதானத்து நடுவரான சிட்டாண்டிங்கற ஆள்காட்டிக் குருவி.

ஆள்காட்டிக்கு மரத்துல கூடு கட்டத் தெரியாது. தரைதான் வீடு. மைதானம் போச்சுன்னா மத்தவங்களுக்கு ஆட்டம் போகும். சிட்டாண்டிக்கு வீடும் சேர்ந்து போகும்.

போற மாதிரிதான் இருந்துச்சு. குளக்கரை பந்தாட்டக் கழகம் திவாலாயிடுச்சு. சாயங்காலம் கூட்டம். அதுதான் கடைசிக் கூட்டம்னு காடு பூரா பேச்சு.

புல்லை மேய்ஞ்சுக்கிட்டே வந்துச்சு காட்டெருமை மந்தையப்பன். பதினோரு வருஷமா கழகத்தோட கோல்கீப்பர்.

"என்ன நடுவரே! ஆளே இல்லாத மைதானத்துல யாருக்கு ஃபவுல் குடுக்கப் போறீங்க?"

"உனக்குத்தான். எல்லைக்கோட்டை மேய்ஞ்சுக்கிட்டு வர்றியே!"

"ஆட்டமே இல்லையாம், எல்லை எதுக்கு?" அப்படின்னு சொல்லிட்டு மந்தையப்பன் கோல் கம்பத்துக்கு நடுவுல போய்ப் படுத்துக்கிச்சு. பழக்கம் விடுமா?

சிட்டாண்டி அதையே பாத்துக்கிட்டு நின்னுச்சு. எத்தனை ஆட்டம்! தூக்கணாங்குருவிங்க கோரைப் புல்லுல பின்னித் தர்ற பந்து. மழை நாள்ல அது நனைஞ்சு கனத்துடும். முயல் ஓங்கி உதைச்சா பந்து அப்படியே நிக்கும், முயல்தான் உருளும். மந்தையப்பன் நின்னா கோல் வாசல் முழுக்க அடைச்சுக்கும். அது அசை போட்டுக் கண் சொக்கற நேரம் பாத்துத்தான் கோல் போடணும். அதுக்காகவே எதிரணிக்காரங்க ஆட்டத்துக்கு முன்னாடி அதுக்குப் பச்சைப் புல் கொண்டாந்து குடுப்பாங்க. மந்தையப்பன் ஒரு தடவைகூட வேண்டாம்னு சொன்னதில்ல.

வேடிக்கை பாக்க வர்றவங்க ஆளுக்கு ஒரு பிடி கொண்டாரணும். நாவல், நெல்லி, இலுப்பைப் பூ, எது கிடைச்சாலும் சரி. மருத மரத்தடியில குவிச்சு வைப்பாங்க. ஆட்டம் முடிஞ்சதும் தோத்தவங்க உக்காரணும், ஜெயிச்சவங்க பரிமாறணும். ஜெயிச்ச அணிக்கு அடியில கிடக்கற நசுங்கின பழம்தான். அதைத் தின்னுக்கிட்டு அவங்க சிரிச்ச சிரிப்பு இருக்கே! மிச்சம்னு ஒண்ணு இருந்ததில்ல. பாக்கியும் இருந்ததில்ல.

இன்னொரு வழக்கமும் உண்டு. கழகத்துல எதைச் செய்யணும்னாலும் தலைவர் எழுந்து, "சம்மதமா?"ன்னு கேக்கணும். எல்லாரும் சேர்ந்து கத்தணும். சத்தம் எதிர்த்தாப்ல இருக்கற பாறையில மோதித் திரும்பி வந்தா, தீர்மானம் நிறைவேறிச்சு. வந்துச்சா இல்லையான்னு சொல்றது நடுவரோட வேலை. வந்துச்சுன்னா சிட்டாண்டி இறக்கையைத் தூக்கும். அவ்வளவுதான். புதுக் கம்பம் நடறதுல இருந்து குரங்கை அணியில சேக்கறது வரைக்கும் அப்படித்தான் நடந்துச்சு.

போன வருஷம் மயில் சிங்காரம் தலைவராச்சு. தோகையை விரிச்சுக்கிட்டுத்தான் பேசும். பேச்சைவிடத் தோகை நல்லா இருக்கும்.

"எத்தனை நாளைக்கு இந்தக் குளக்கரையையே சுத்திக்கிட்டு இருக்கறது? ஏழு காட்டுக் கோப்பை நமக்கு வேணாமா?" அப்படின்னு கேட்டுச்சு.

"வேணும்!"

"அப்போ கீழ்மலைப் புள்ளிமான் மின்னல் நம்ம அணிக்கு வரணும்! அது ஓடினா காத்தே மூச்சு வாங்குமாம்!"

"வரணும்!"

மின்னலைக் கேட்டுக் கீழ்மலைக்குப் போச்சு சிங்காரம். மான் கூட்டம் பழமும் கேக்கல, பூவும் கேக்கல. "நாங்க நாப்பது பேர். உங்க குளத்துல பயமில்லாம தண்ணி குடிக்கணும். முதலை எங்க மேல வாயை வைக்கக் கூடாது. அதுக்குச் சரின்னா மின்னலைக் கூட்டிக்கிட்டுப் போங்க!"

சிங்காரம் நேரா முதலைகிட்ட போச்சு.

"ஐயா, நீங்க மானைத் தொடாம இருக்கணும்."

"இருக்கலாம். என் வயித்துக்கு யார் பொறுப்பு?"

"கழகம்! தினம் ரெண்டு கூடை மீன்!"

"ஒரு நாள் தவறினா?"

சிங்காரம் கொஞ்சம் யோசிச்சுச்சு. ரொம்ப யோசிக்கல. "மைதானத்தை எடுத்துக்கோங்க!" முதலைக்கு வெயில் காய நல்ல எடம் வேணும்னு ரொம்ப நாளா ஆசை. சரின்னு ஒத்துக்கிச்சு.

இதை எல்லார்கிட்டயும் கேட்டாகணுமே! அடுத்த ஆட்டத்துக்குக் கீழ்மலையில இருந்து மின்னல் விருந்தாளியா வந்து ஆடுச்சு. பாதி மைதானத்தைத் தாண்டி ஓடியாந்து ஒரு கோல் போட்டுச்சு பாருங்க, காடே எழுந்து நின்னுடுச்சு. பந்து உள்ள போற அதே நேரம் சிங்காரம் தோகையை விரிச்சுக்கிட்டு மைதானத்துக்குள்ள வந்துச்சு.

"மின்னலுக்காக முதலைக்குத் தினம் ரெண்டு கூடை மீன்! தவறினா மைதானம்! சம்மதமா?"

கூட்டம் கத்திக்கிட்டேதான் இருந்துச்சு. பாறையில மோதின சத்தம் இடி மாதிரி திரும்பி வந்துச்சு.

சிட்டாண்டி இறக்கையைத் தூக்கிடுச்சு.

முதல் மூணு மாசம் ராஜ வாழ்க்கை. ஏழு காட்டு அணியும் தோத்துப் போச்சு. கரை கொள்ளாத கூட்டம். ஆனா நடுக்களத்துல ஆடற நீர்நாய் ரெண்டும் பயிற்சிக்கு வர்றதில்ல. கேட்டா, "முதலைக்கு மீன் புடிக்கணுமே அண்ணே!"ங்கும். அப்புறம் முயல், ஆமை எல்லாமே மீன் புடிக்கப் போச்சு. முயல் புடிச்ச மீனைப் பத்திப் பேசாம இருக்கறது நல்லது. ஆட்டத்து அன்னிக்கு மைதானத்துல மின்னல் மட்டும் ஓடும், மத்ததெல்லாம் கொட்டாவி விடும். தோக்க ஆரம்பிச்சாங்க. கூட்டம் குறைஞ்சுச்சு. பழக் குவியலும் குறைஞ்சுச்சு.

ஆடிக் காத்துல குளம் பாதியா வத்திடுச்சு. கூடை அரையும் குறையுமா போக ஆரம்பிச்சுச்சு. ஒரு நாள் மீனுக்குப் பதிலா சேறுதான் இருந்துச்சு.

இனி முதலை சும்மா இருக்காதுன்னு தெரிஞ்சு அந்த வாரமே மான் கூட்டம் கிளம்பிடுச்சு. மின்னலும் போச்சு, திரும்பிக்கூடப் பாக்கல. சிங்காரத்துக்குத் தோகை உதிர்ற காலம். உதிர்ந்த மறுநாள் ஆளைக் காணோம். இங்கேயே எங்கயாவது நின்னுக்கிட்டு இருந்திருக்கலாம். தோகை இல்லாம யாருக்கு அடையாளம் தெரியுது?

காட்டுப் பஞ்சாயத்து கூடி, கொக்கு வெள்ளைச்சாமியைப் பொறுப்பாளரா போட்டுச்சு. கழகம், மைதானம், பந்து எல்லாம் இனி கொக்கோட கட்டுப்பாட்டுல. கூலி, ஒரு நாளைக்கு மூணு மீன்.

"முதலைக்கே மீன் இல்ல! உங்களுக்கு எங்க போறது?"ன்னு கேட்டுச்சு குரங்கு.

"முதல்ல பொறுப்பாளர் கூலி, அப்புறம்தான் முதலை. முறைன்னு ஒண்ணு இருக்கில்ல?"ன்னு சொல்லுச்சு கொக்கு. எப்படியோ அதோட மூணு மீன் மட்டும் தினம் கிடைச்சுக்கிட்டு இருந்துச்சு.

சாயங்காலம் எல்லாரும் கூடினாங்க. முதலைதான் முதல்ல வாயைத் திறந்துச்சு. முன் வரிசை நாலடி பின்னாடி போச்சு.

"எட்டு மாசம்! என் மூக்குக்கு முன்னாடி நாப்பது மான் தண்ணி குடிச்சுச்சு. நான் கண்ணை மூடிக்கிட்டுக் கிடந்தேன். எனக்கு எத்தனை கூடை மீன் வரலைன்னு உங்கள்ல ஒருத்தராவது கேட்டீங்களா? நான் மைதானத்தைத் திருடலப்பா. பட்டினி கிடந்து வாங்கியிருக்கேன்!"



கொக்கு தொண்டையைச் செருமிக்கிச்சு. "நல்ல சேதி ஒண்ணு இருக்கு! மேட்டுக்காட்டுக் கழுதைப்புலி நம்ம கழகத்தை வாங்கிக்கறேங்குது. கழகத்தோட பேரு அழியாது. பந்து அழியாது. ஆட்டம் இனிமே மேட்டுக்காட்டுல நடக்கும். இந்த மைதானம் முதலைக்கு. கழகம் பிழைச்சுக்கும்! சம்மதமா?"

'பிழைச்சுக்கும்'ங்கற வார்த்தை காதுல விழுந்ததும் கூட்டத்துக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு. எல்லாரும் மூச்சை இழுத்தாங்க. கத்தப் போறாங்க.

சிட்டாண்டிக்கு முட்டை நாலும் கண்ணுக்கு முன்னாடி வந்துச்சு. சிறுத்தை வந்தா எப்படிக் கத்துமோ, அப்படிக் கத்துச்சு. கூட்டம் இழுத்த மூச்சோட அப்படியே நின்னுடுச்சு.

"என்ன நடுவரே! எங்க சிறுத்தை?"

"சிறுத்தை இல்லப்பா. நான் சொல்றதைக் கேளுங்க. அன்னிக்கு நீங்க கத்தினது மின்னல் போட்ட கோலுக்கு. தீர்மானத்துக்கு இல்ல. சிங்காரம் என்ன கேட்டுச்சுன்னே பாதிப் பேருக்குக் காதுல விழல. எனக்கு விழுந்துச்சு. அது வேற சத்தம்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் இறக்கையைத் தூக்கினேன்."

"ஏன்?"ன்னு கேட்டுச்சு மந்தையப்பன்.

"ஏன்னா, நல்ல கோல்டா அது! இன்னும் நூறு அந்த மாதிரி பாக்கணும்னு ஆசை வந்துடுச்சு. சருகு அசைஞ்சாக்கூட ஊரைக் கூட்டறவன் நான். அன்னிக்கு வாயை மூடிக்கிட்டேன்."

குரங்கு குதிச்சுச்சு. "களவாணி நடுவர்! புடிங்கடா!"

"சும்மா இருடா! வெளையாட்டு முடிஞ்சு வீட்டுக்குப் போறப்போ அந்த ரெண்டு கூடையைப் பத்தி நீ கேட்டியா? நான் கேட்டேனா?"ன்னு அதட்டுச்சு மந்தையப்பன்.

கொக்கு கழுத்தை நீட்டுச்சு. "அப்படின்னா அந்தத் தீர்மானம் செல்லாது."

"தீர்மானம் செல்லாது, சரி. என் பட்டினி செல்லுமில்ல?"ன்னு கேட்டுச்சு முதலை.

அதுவும் நியாயம்தான். கொக்கு இந்தக் கால்ல நின்னு யோசிச்சுச்சு, அந்தக் கால்ல நின்னு யோசிச்சுச்சு. "ஐப்பசி மழை வரைக்கும் எதுவும் யாருக்கும் கிடையாது. அதுவரைக்கும் பந்தும் கிடையாது. நடுவரா இனிமே சிட்டாண்டி கிடையாது" அப்படின்னு முடிச்சுச்சு.

தப்பு செஞ்ச ஆட்டக்காரனுக்குச் சிவப்பைக் காட்டி வெளிய அனுப்பறது நடுவர் வழக்கம். ஆள்காட்டிக்கு அந்தச் சிவப்பு மூஞ்சியிலேயே ஒட்டியிருக்கு. சிட்டாண்டி யார் முகத்தையும் பாக்காம, குனிஞ்சு குளத்துல மிச்சமிருந்த தண்ணியில தன் முகத்தைப் பாத்துச்சு. அப்புறம் நடந்து போய்க் கோட்டுக்கு வெளிய நின்னுக்கிச்சு.

"சரி, மழைக்குள்ள முதலைக்கு வர வேண்டிய மீனைக் குடுத்துட்டா மைதானம் உங்களுக்கு. குடுக்க முடியலைன்னா அதுக்கு. சம்மதமா?"ன்னு கேட்டுச்சு கொக்கு.

கூட்டம் மறுபடியும் மூச்சை இழுத்துச்சு.

"இருங்க!" மந்தையப்பன் எழுந்து நின்னுச்சு. "குளத்துல மீன் இல்ல. அப்போ எங்கிருந்து வரும்?"

கழகம் ஆரம்பிச்ச நாள்ல இருந்து, சம்மதம்னு கத்தறதுக்கு முன்னாடி யாரும் கேள்வி கேட்டதில்ல. என்ன செய்யறதுன்னு யாருக்கும் தெரியல. பாறையும் சும்மா நின்னுச்சு.

நீர்நாய் மெதுவா சொல்லுச்சு. "கிழக்கு ஓடையில கொஞ்சம் இருக்கு அண்ணே. ஆனா ரெண்டு கூடை வராது. அரைக் கூடை வரும்."

"அரைக் கூடையை ஒத்துக்குவீங்களா ஐயா?"ன்னு முதலையைக் கேட்டுச்சு மந்தையப்பன்.

முதலை கண்ணைச் சுருக்குச்சு. "எத்தனை நாளைக்கு?"

"நீங்களே சொல்லுங்க. அப்புறம் கொக்கு ஐயா, உங்க மூணு மீனை ஒண்ணாக்கிக்கிட்டா என்ன?"

"என்னது!"ன்னுச்சு கொக்கு.

அது கழகத்தோட கடைசிக் கூட்டமா இல்லையான்னு அன்னிக்கு முடிவாகல. முட்டை பொரியறதுக்குள்ள மழை வருமா, வந்தா மைதானம் யாருக்குன்னும் யாருக்கும் தெரியல. ஆனா பொழுது சாயற வரைக்கும் ஒருத்தர் மாத்தி ஒருத்தர் கேள்வி கேட்டுக்கிட்டே இருந்தாங்க. யாரும் கத்தல. கோட்டுக்கு வெளிய நின்ன சிட்டாண்டி ஒவ்வொண்ணையும் காது குடுத்துக் கேட்டுச்சு.

கொண்டாட்டத்துக்கு நடுவுல வந்து சம்மதம் கேக்கறவன்கிட்ட கைதட்டறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேட்டுடணும். கேக்காம விட்டா, எல்லாரும் சேர்ந்து ஆசையா வளத்தது எல்லார் கண்ணு முன்னாடியே கைமாறிப் போயிடும்.