அதிகாரி நாற்காலித் துண்டு

சூரிய வெளிச்சத்தில் கரண்ட் எடுப்போம், எடுத்ததை மிச்சம் பிடிப்போம் என்று அரசு ஒரு திட்டம் போட்டது. மாவட்டத்தில் அதை நடத்த வந்த அதிகாரி ஞானசிகாமணி, மேடை கிடைத்தால் லேசில் இறங்கமாட்டார். ஆனால் மொட்டைமாடியில் சோலார் பலகை ஏறியும் அவர் ஆபீஸிலேயே மீட்டர் ஓட்டம் குறையவில்லை.

பார்வையிட வந்த அமைச்சர் அது ஏன் என்று கேட்டதும் அதிகாரி பியூன் மாசானத்தின் மேல் பாய்ந்தார். "எல்லா ரூமுக்கும் போறவன் நீதானே? கரண்டை வீணடிக்கிறவனை இப்பவே கொண்டுவந்து நிறுத்து. இல்லேன்னா நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே."

ஆள் யாரென்று மாசானத்துக்குத் தெரியும். பேரைச் சொன்னாலும் வேலை போய்விடும். உள்ளே போனவன், அதிகாரியின் நாற்காலியில் போர்த்தியிருந்த வெள்ளைத் துண்டை இரு கையிலும் ஏந்தி வந்தான்.

"இவருதாங்கய்யா. அதிகாரி மின்சிக்கனம் பேச ஊரூராப் போயிடுறாரு. ரூம்ல சாயங்காலம் வரைக்கும் இவரு மட்டும் ஏசியில உட்கார்ந்திருக்காரு."

அமைச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "சரி, இவரை என்ன செய்யலாம்?"

"மொட்டைமாடிக்கு மாத்திடுங்க. பலகையெல்லாம் தூசி மண்டிக் கிடக்கு, துடைக்கட்டும்."

"துண்டு தானாத் துடைக்குமாய்யா?" என்ற அமைச்சர், அதிகாரியைத் திரும்பிப் பார்த்தார்.

ஞானசிகாமணி கையை நீட்டித் துண்டை வாங்கிக்கொண்டார்.