நான்கு மாடமும் ஒரே வாசலும்

முன்னொரு காலத்திலே செம்பாறை நாட்டைக் கஜகேது என்று ஒரு ராசா ஆண்டுகொண்டிருந்தார். காலையில் அவருக்குப் பிடித்தது மதியம் பிடிக்காது. மதியம் வாய்க்கு வந்தது சாயங்காலத்துக்குள் சட்டமாகிவிடும். அப்படி ஒரு மனுஷர்!

அவர் குலத்தின் வரலாறு அறுபத்து நாலு ஓலை. தீப்பிடித்தால் மொத்தமும் போய்விடுமே என்று பயந்து, அதை நான்கு மாடங்களில் மாற்றி மாற்றி வைத்திருந்தார்கள். முதல் ஓலை முதல் மாடத்தில், இரண்டாவது இரண்டாம் மாடத்தில். நாலு முடிந்தால் ஐந்தாவது மறுபடி முதல் மாடத்தில். மாடத்துக்கு ஒரு காவலர். எடுத்த ஓலையைத் திரும்ப வைக்காமல் அடுத்ததைத் தொடக் கூடாது. சபைக்குள் போக ஒரே ஒரு குறுகல் வாசல், ஒருவர்தான் நுழையலாம்.

கடல்நாட்டுத் தூதர் வருகிறார் என்று சேதி வந்தது. உடனே ராசாவுக்கு ஆசை பிறந்துவிட்டது. "என் குலக்கதையை ஒரே மூச்சாக வாசிக்க வேண்டும். ஓலைக்கும் ஓலைக்கும் நடுவே கண் சிமிட்டும் நேரம்கூட இடைவெளி கூடாது!"

பிரதானி அம்பலக்கூத்தர் மீசையைத் தடவிக்கொண்டு ஒத்திகை நடத்தினார். சங்கு ஊதியதும் நாலு பேரும் ஓடினார்கள், ஓலையோடு வந்தார்கள், வாசலில் தலையோடு தலை முட்டிக்கொண்டார்கள். சரி, ஒவ்வொருவராக அழைப்போம் என்றார். அழைத்தபின் காவலர் போய், தேடி, எடுத்துவர, ராசா கொட்டாவி விட்டார்.

"நடுவில் நான் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிட்டேன், பிரதானி!"

"எல்லாம் அந்த நாலாம் மாடத்துச் சடையனால்தான், மகாராஜா. ஆமை நடை!"

நாலாம் மாடம்தான் எல்லாவற்றிலும் தூரம். அதை யார் யோசித்தார்கள்? "தூதர் முன்னால் தடங்கினால், பொழுது சாய்வதற்குள் சடையன் குடும்பத்தோடு எல்லை தாண்ட வேண்டும்" என்று உத்தரவு போட்டுவிட்டார் ராசா.

சடையனின் பெண்டாட்டி செவந்தி அரண்மனை முற்றத்தில் நெல் குத்துகிறவள். ஒரே உரலில் அவளும் இன்னும் இரண்டு பெண்களுமாக மூன்று உலக்கை போடுவார்கள். ஒன்று இறங்கும்போது மற்ற இரண்டும் மேலே இருக்கும். "உஸ்... உஸ்..." என்று மூச்சுவிட்டே முறை பார்ப்பார்கள். ஒருநாளும் உலக்கை முட்டியதில்லை.

சேதி கேட்டதும் கைக்குழந்தையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு கேட்டாள்: "ஏங்க, கூப்பிடுற வரைக்கும் மாடத்துல உக்காந்து என்ன பண்ணுறீங்க?"

"கூப்பிட்டாத்தானே புள்ள ஓலையை எடுக்கணும்?"

"வாசல்ல நுழையத்தான் கூப்பிடணும். தேடுறதுக்கு எதுக்குங்க?"

அந்த ஒரு கேள்வியோடு அவள் சபைக்கே போய் நின்றுவிட்டாள். அம்பலக்கூத்தர் சிரித்தார். "நெல் குத்துகிறவள் யோசனை சொன்னால் சபையில் உமிதான் பறக்கும், மகாராஜா."

"உமி பறந்தாத்தான் சாமி அரிசி கண்ணுக்குத் தெரியும்."

ராசா விழுந்து விழுந்து சிரித்தார். "செய்து காட்டு, பார்ப்போம்!"

மறுநாள் அவள் காவலர்களை வெறுங்கையோடு நடக்கவிட்டு, உலக்கைச் சத்தத்தை எண்ணினாள். ஓர் ஓலை வாசிக்க முப்பது குத்து. சடையன் வாசலை விட்டுப் போய், பழையதை வைத்து, புதியதை எடுத்துத் திரும்ப எண்பத்தைந்து. மற்ற மூவரின் ஓலையை வாசித்து முடிக்கவோ தொண்ணூறு.

"அஞ்சு குத்து மிச்சம் இருக்குங்க. ஓட வேண்டாம், நடந்தே வாங்க. சீக்கிரம் வந்தவங்க வெளியே நில்லுங்க. முப்பது குத்து எண்ணணும், உள்ளே இருக்கிறவர் 'உஸ்'னு வெளியே வரணும். ரெண்டும் சேர்ந்தாத்தான் காலை வைக்கணும்."

தூதர் வந்தார். முற்றத்தில் உலக்கைகள் இறங்கின. தொம்... தொம்... அரண்மனைக்கே நெஞ்சு அடிப்பதுபோல் இருந்தது. ஓலை வாசிக்கும் புலவர் கடைசி வரிக்கு வந்து, அதைச் சொல்லிக்கொண்டே ஓலையைக் காவலர் கையில் விட்டதும் "உஸ்" என்று ஒருவர் வெளியேறுவார், மற்றவர் நுழைவார். வரி முடிவதற்குள் அடுத்த ஓலை கையில் இருக்கும். ராசாவின் முப்பாட்டனார் யானை ஏறியது ஓர் ஓலையில், இறங்கியது மறு ஓலையில். கேட்டவர்களுக்கு எங்கே ஓலை மாறியதென்றே தெரியவில்லை. தூதர் கையிலிருந்த வெற்றிலையை வாயில் போட மறந்தார். ராசாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தன் குலம் நிற்காமல் ஓடுகிற ஆறு என்று அன்றைக்குத்தான் அவருக்கே தெரிந்தது.

பிரதானிக்குப் பொறுக்குமா? நைசாக வாசலோரம் போய், பன்னிரண்டாம் குத்திலேயே "உஸ்" என்றார். வெளியே நின்ற மூன்றாம் காவலர் காலைத் தூக்கினார். முப்பது ஆகவில்லையே! தூக்கிய கால் அப்படியே நின்றது. கதை ஓடிக்கொண்டே இருந்தது. ஆனால் ராசா திரும்பிப் பார்த்துவிட்டார்.

அறுபத்து மூன்றாம் ஓலையில் அவருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. முற்றத்துக்கே எழுந்து வந்துவிட்டார். "போதும் பெண்ணே, உலக்கையை வை! என்ன வேண்டும், கேள்!"

செவந்தி நிறுத்தவில்லை. "மன்னிக்கணும் மகாராஜா, இன்னும் ஏழு குத்து இருக்கு. எங்க வீட்டுக்காரர் ஓலையோட நிக்கிறாரு."

யாருக்காகவும் காத்திராத ராசா வாய்மூடி நின்று தானும் எண்ணினார். ஏழாவது குத்து விழுந்தது. உள்ளே "உஸ்" கேட்டது. சடையன் நிதானமாக நடந்து வாசலுக்குள் போனான். கடைசி ஓலை முடியும்வரை ராசா வெயிலிலேயே நின்றார்.

பிறகு எல்லை தாண்டும் உத்தரவைக் கிழித்துப்போட்டு, நான்கு மாடங்களுக்கும் செவந்தியைத் தலைவியாக்கினார். "பிரதானி, வாசலில் உஸ் என்றது எது?"

"பா... பாம்பு, மகாராஜா."

"அப்படியா? நாளையிலிருந்து நீர் ஓலை தூக்கும். சடையனுக்குப் பின்னால் நில்லும். அவன் உஸ் என்றால்தான் உமக்கு வழி!"

அப்புறமென்ன, செம்பாறை நாட்டில் அதுமுதல் பிரதானியும் முப்பது எண்ணிவிட்டுத்தான் காலை வைத்தார்.