கடைமடையில் தூங்கின பெண்

ஆற்றங்கரையில் ஒரு சின்ன மடம். அதில் ஒரு சாமி இருந்தார். பென்ஷன் வாங்குகிற சாமி.

சங்குமுத்து என்று பேர். காவி கட்டுவதற்கு முன்னால் காக்கி போட்டவர். பொதுப்பணித் துறையில் லஸ்கர் உத்தியோகம். வாய்க்கால் மதகின் சாவி லஸ்கர் கையில் இருக்கும். மேலேயிருந்து திற என்று உத்தரவு வந்தால் திறக்க வேண்டும், மூடு என்றால் மூட வேண்டும். அதுதான் வேலை. அதையே ஆயுசில் பாதி பார்த்துவிட்டு, சம்சாரம் போன பிற்பாடு இங்கே வந்து உட்கார்ந்தார்.

வருகிறவர்களுக்கெல்லாம் கஞ்சி ஊற்றுவார். உண்டியல் கிடையாது. கேட்டால், "மாசம் பிறந்தா அரசாங்கமே எனக்குக் காணிக்கை போட்டுருது. ஊரார் காணிக்கை வேற எதுக்குங்கேன்?" என்பார்.

அவருக்கு ஒரே ஒரு சிஷ்யன், மாடக்கண்ணு. நாற்பது தாண்டிய ஆள். சாமி பார்த்த அதே மதகில் இப்போது அவன்தான் லஸ்கர். திங்கட்கிழமை சாயங்காலம் வருவான். சாமி கண்ணை மூடினால் அவனும் மூடுவான், அவர் திறந்தால் அவனும் திறப்பான். பாடம் அவ்வளவுதான்.

அந்தத் திங்கட்கிழமை அவன் கண்ணை மூடவில்லை. இடுப்பிலிருந்து மதகுச் சாவியை எடுத்து சாமிக்கு முன்னால் வைத்தான்.

"என்னடே இது?"

"வேலையை விடப்போறேன் சாமி."

"இன்ஜினியர் ஏசினாரா?"

"ஏசுதாரு. அது அவருக்குப் பொழுதுபோக்கு."

"மாத்தல் போட்டுட்டானா?"

"போட்டிருந்தா தப்பிச்சிருப்பேனே."

மாடக்கண்ணு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"பேச்சித்தாய் அக்கா வயல் காயுது சாமி."

பேச்சித்தாய் அவனுக்கு அக்கா மட்டும் இல்லை. தாய் செத்த வீட்டில் அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். புருஷன் இல்லை. வாய்க்கால் முடிகிற கடைமடையில் ஒரு துண்டு வயல், அதுதான் அவளுக்கு எல்லாம்.

"முறைத் தண்ணிதானே ஓடுது?"

"ஆமா. அணையில தண்ணி இல்லைன்னு முறை வச்சிருக்காங்க. வியாழன் வரைக்கும் மேல்மடைக்கு. வெள்ளிதான் கடைமடைக்கு."

"பயிரு?"

"கதிர் வாங்குத நேரம். வயல்ல கால் நுழையற அளவுக்கு வெடிப்பு. வெள்ளிக்கிழமை தண்ணி வந்தா பாதி தேறும். இன்னைக்கு வந்தா முழுசும் தேறும்."

"அக்கா என்ன சொல்லுதா?"

"நேத்து வந்தா. 'எந்தம்பி சர்க்கார் உத்தியோகம்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே, அந்த உத்தியோகம் யாருக்குல ஆகும்?'னு கேட்டா. அதோட சரி. பேச்சை நிறுத்திட்டா."

ஆற்றில் ஒருவன் மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தான்.

"மதகுச் சக்கரத்தை லேசாச் சுத்தினாப் போதும் சாமி. யாருக்கும் தெரியாது."

"தெரியாதுதான். சுத்த வேண்டியதுதானே?"

"கை போகல."

"சரி. மேல்மடைக்காரன் எவங்கிட்டயாவது கேட்டு முறையை மாத்திக்கிடலாம்லா? ரெண்டு பேரும் சம்மதிச்சா துறையில ஒண்ணும் சொல்ல மாட்டாங்களே. அது பழைய வழக்கம்தானே."

"சுடலையாண்டிகிட்ட அக்கா கேட்டுப் பாத்தா. முடியாதுன்னுட்டான். இப்போ என்னையப் போய்க் கேக்கச் சொல்லுதா. நான் கேட்டா அது கேக்கதா சாமி? சாவியை இடுப்புல சொருகிட்டுப் போய் நின்னா எவன் மாட்டேன்னு சொல்லுவான்? நாளைக்கு அவன் வயலுக்கும் நான்லா திறக்கணும்."

சாமி அவனை ஏறிட்டுப் பார்த்தார்.

"திறக்கவும் முடியல, கேக்கவும் முடியல. அதான் விட்டுருதேன். விட்டுட்டா நான் அவளுக்குத் தம்பி, அவ்வளவுதான். மாசம் பிறந்தா சம்பளம், பொங்கலுக்குப் போனஸ், வயசானா பென்ஷன், நடுவுல செத்தா பிள்ளைக்கு வேலை. எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா கூடப்பிறந்தவ வீட்டு வாசலை மிதிக்க முடியல. இது நல்ல வேலையா கெட்ட வேலையா? நீங்களே சொல்லுங்க சாமி."

சாமி எழுந்து உள்ளே போனார். ஒரு கிண்ணத்தில் கஞ்சி கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தார்.

"குடி."

ஒரு வாய் குடித்தான். முகம் சுளித்தது.

"உப்புப் போடல சாமி."

"தெரியும். குடி."

அவன் இன்னொரு வாய் குடித்தான். சாமி தூணில் சாய்ந்துகொண்டார். அவர் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்திருந்தது.

"உலகம்மா எனக்கு இப்படித்தான் ஊத்தினா. ஒரு வருஷம்."

"உங்க வீட்டம்மாவா? எதுக்கு?"

"எனக்குக் குழி நிலம் கிடையாது. காக்கிச் சட்டையைப் பாத்துத்தான் எங்க மாமனார் பொண்ணு குடுத்தாரு. கல்யாணப் பந்தல்ல ஒருத்தர் பாக்கியில்லாம, 'மாப்பிள்ளை தண்ணிக்கே அதிகாரி'ன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு. அவரு வயலும் கடைமடைதான். அதையும் சேத்துத்தான் சொன்னாருபோல."

"ம்."

"அடுத்து ஒரு காஞ்ச வருஷம். கடைமடைக்குத் தண்ணி ஓடிக்கிட்டிருக்கு. மூடச் சொல்லி ஜீப்புல ஆள் வந்துட்டான். மாமனார் கரையில நிக்காரு. தலைப்பாகையை அவுத்துக் கையில வச்சுக்கிட்டு, 'மாப்பிள்ளை, ஒரே ஒரு பாத்திதான் பாக்கி'ன்னாரு. ஊருக்கே அதட்டல் போடுத மனுசன். அவ்வளவு மெதுவா அவரு பேசி நான் கேட்டதில்ல."

"அந்தப் பாத்தி நனைஞ்சுதா சாமி?"

"இல்ல. மூடிட்டேன்."

மாடக்கண்ணு கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

"வீட்டுக்கு வந்தேன். அவ ஏன்னு கேக்கல. அழுகவும் இல்ல. மறுநாள் கஞ்சியில உப்பு இல்ல. அதுக்கு மறுநாளும் இல்ல. உப்புப் பானை அடுக்களையில கண்ணுக்கு நேரேதான் இருந்துது. எடுத்துப் போட்டுக்கிட எனக்கு மனசு வரல. தூக்குச்சட்டியை எடுத்துக்கிட்டு மதகுக்குப் போயிருவேன். அங்கன சக்கரத்துக்குப் போடுத கிரீஸ் வாடை, மடையில தண்ணி விழுத சத்தம். எல்லாத்தையும் சேத்து அந்தக் கஞ்சியக் குடிப்பேன். இப்போ அவளும் இல்ல, அந்த வாடையும் இல்ல. திங்கக்கிழமை மட்டும் உப்புப் போடாமக் காச்சுதேன். அவ கை பட்ட மாதிரி இருக்கும்."

"அப்புறம் எப்பத்தான் உப்புப் போட்டாங்க?"

"மறு வருஷமும் முறைத் தண்ணி வந்துது. அதுவரைக்கும், முறைன்னு வந்துட்டா, யார் முறையா இருந்தாலும் ஆம்பளை ஒருத்தனும் வீட்ல படுக்க மாட்டான், தெரியுமா? மம்பட்டியைத் தலைமாட்டுல வச்சுக்கிட்டு வாய்க்கால் கரையிலதான் கெடப்பான். கண்ணசந்தா மேல்மடைக்காரன் மடையை அடைச்சிருவானோன்னு பயம். எங்க மாமனார் நெத்தியில ஒரு தழும்பு உண்டு. அப்படி ஒரு சண்டையில வாங்கினது."

"எங்க தாத்தாவுக்கும் கையில உண்டு."

"ம். அந்த மனுசன் ஒருநாள் எங்க வீட்டுக்கு வந்தாரு. மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டுத்தான் வந்தாரு. எங்கூடப் பேசல. சாப்பிட்டாரு, கட்டில்ல விழுந்தாரு, குறட்டை விட்டாரு. உலகம்மாவுக்குப் பதறிப்போச்சு. தட்டி எழுப்பி, 'யப்பா, இன்னைக்கு நம்ம முறையாச்சே, காவலுக்குப் போகலையா?'ன்னு கேட்டா."

"என்ன சொன்னாரு?"

"'அந்தப் பய கையிலதானே சாவி இருக்கு?'ன்னாரு. திரும்பிப் படுத்துக்கிட்டாரு."

சாமி தூணை விட்டு நிமிர்ந்தார்.

"மறுநாள் கஞ்சியில உப்பு இருந்துது. கொஞ்சம் கூடவே போட்டுட்டா."

மாடக்கண்ணு சிரிக்கவில்லை.

"கதை நல்லாத்தான் இருக்கு சாமி. ஆனா உங்க மாமனாருக்கு அந்தப் பாத்தி போனது போனதுதானே? எங்க அக்காவுக்கும் பாதி பயிர் போகும்லா?"

"போகும்."

"அதுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

"பதில் இல்ல. எனக்கும் கிடைக்கல."

மாடு குளித்துக் கரையேறி நின்று உடம்பை உதறியது. மாட்டுக்காரன் அதை ஓட்டிக்கொண்டு போனான்.

"அக்கா கோவிச்சுக்கிட்டுப் போனா, சரி. நேத்து ராத்திரி எங்க இருந்தா?" என்று சாமி கேட்டார்.

"வீட்லதான். என் பொஞ்சாதி சோறு கொண்டு போனாளாம். வேண்டாம்னு கதவைச் சாத்திட்டுப் படுத்துட்டாளாம்."

"கரைக்குப் போகலையா?"

"ஒத்தப் பொம்பளை, அவ எதுக்குப் போறா சாமி? அங்கன சாவியோட நான் ஒருத்தன்..."

மாடக்கண்ணு பாதியில் நிறுத்திக்கொண்டான்.

சாமி சாவியைத் தொடவில்லை. அது வைத்த இடத்திலேயே இருந்தது.

"நீ இதை இங்க விட்டுட்டுப் போயிட்டேன்னா, இன்னைக்கு அவ எங்க படுப்பா மாடக்கண்ணு?"